பீரோவில் உறங்கும் மைக்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் ஸ்வரங்களை வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,300 வருஷங்களுக்கு முந்திய வேலை. ருத்ராசாரியரின் சீடரான ஓர் அரசர், மாணாக்கர்களின் நன்மையை உத்தேசித்து இதைச் செய்ததாக அந்தக் கல்வெட்டே கூறுகிறது. எழுத்துக்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால், "இதை எப்படிப் பாடினார்கள், ஐயா?" என்று கேட்டால் மலை மௌனம் சாதிக்கிறது. கல்லுக்கு எழுத்துத் தெரியும், நாதம் தெரியாது.

இந்த மௌனம் புதுக்கோட்டைச் சீமைக்கு இன்னொரு முறையும் நேர்ந்தது. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் ஆசனம் வாங்கிக் கொடுத்த மான்பூண்டியா பிள்ளை 1922-ல் காலமானார். அப்போதெல்லாம் இசைத்தட்டுப் பதிவுக்கு மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பின் வாய்க்கு எதிரே நின்று உரக்கப் பாட வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி போன்ற கனத்த ஒலிகள் அதில் ஏறுவது துர்லபம். மின்சார முறையில் மைக் வைத்துப் பதிவு செய்யும் வழக்கம் 1925-ல்தான் வந்தது. மூன்று வருஷம் பிந்திவிட்டது! மான்பூண்டியா பிள்ளையின் கஞ்சிராவைப் பெரியவர்கள் வர்ணித்ததை நாம் படிக்கலாம், கேட்க முடியாது.

அதே பரம்பரையில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962 வரை இருந்தார். அதற்குள் காந்த நாடாக் கருவி ரசிகர்களின் வீட்டுக்குள் வந்துவிட்டது. புண்ணியவான்கள் சிலர் அதைக் கச்சேரிக்குத் தூக்கிப் போனார்கள். ஆகையால் அவருடைய தொப்பியின் கும்காரம் இன்றும் நம் காதில் விழுகிறது. இரண்டு பேருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் வித்தையில் இல்லை. யாரோ ஒருவர் மைக்கை வைத்தார் என்பதில்தான் இருக்கிறது.

இதை நாம் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. ஊருக்கு ஊர் சபைகளிலும், பஜனை மடங்களிலும், மைக்செட்காரர்களின் கடைகளிலும் பழைய டைனமிக் மைக்குகள் தூசி படிந்து கிடக்கின்றன. "இவை மேடைப் பேச்சுக்குத்தான் லாயக்கு, பதிவுக்கு உதவாது" என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். நல்ல கருவி வாங்கிய பிறகு பதிவு செய்யலாம் என்று காத்திருக்கிறார்கள். கருவி வருவதற்குள் வித்வான் போய்விடுகிறார்.

டைனமிக் மைக் என்பது மிக எளிய யந்திரம். மெல்லிய தகடு ஒன்று. அதன் முதுகில் மயிரிழை போன்ற கம்பிச் சுருள். சுருளைச் சுற்றிக் காந்தம். ஓசை பட்டால் தகடு அசைகிறது. சுருள் காந்தத்துக்குள் அசைகிறது. உடனே மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் பாரடே கண்ட தத்துவம் இதுதான். மேற்கு நாடுகளில் 1931 முதல் விற்பனைக்கு வந்தது. பழைய படங்களில் தலைவர்கள் முன்னால் விலா எலும்பு தெரிய நிற்கிறதே, அந்த ஷூர் 55 மைக் 1939-ல் பிறந்தது. இன்றும் மேடைதோறும் காணப்படும் எஸ்.எம். 58 பிறந்தது 1966-ல்.

இதற்குக் குறை இல்லாமல் இல்லை. சுருளின் பாரத்தைச் சுமக்கும் தகடு அதிவேக அசைவுகளுடன் ஓட முடியாது. ஆகையால் தம்புராவின் நுண்ணிய ரீங்காரமும் பிடிலின் மேல் பளபளப்பும் சற்று மங்கும். அவற்றைப் பிடிக்கக் கண்டென்ஸர் மைக்தான் சிறந்தது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் ஊட்ட வேண்டும். ஈரத்துக்கும் அடிக்கும் அஞ்சும். டைனமிக் மைக்குக்கு ஊட்டுவதற்கு ஒன்றும் வேண்டாம். தவிலும் நாகஸ்வரமும் எதிரே நின்று முழங்கினாலும் அது கலங்காது. புதுக்கோட்டை வெயிலையும் கோயில் திருவிழாத் தூசியையும் சகித்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று: அதைக் கிட்டத்தில் வைக்க வேண்டும். இந்தப் பாடத்தை நாம் அவமானப்பட்டுத்தான் கற்றோம். ஒரு கோயில் கச்சேரியில் பழைய மைக் ஒன்றை, வித்வானுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்ற மரியாதையினால், பத்தடி தள்ளி வைத்தோம். வீட்டுக்கு வந்து கேட்டபோது மின்விசிறி பிரமாதமாகப் பாடியிருந்தது. ஒரு குழந்தையின் அழுகைக்கு இரண்டாவது இடம். மோகனம் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. இத்தகைய மைக் பிறப்பிக்கும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். தூரத்தில் வைத்துப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். தூரத்தைப் பாதியாக்கினால் நேரே வரும் ஒலி இரண்டு மடங்காகும்.

பாடகருக்கு ஒரு சாண், பிடிலுக்கு ஒன்றரைச் சாண் போதும். மிருதங்கத்துக்கு முடிந்தால் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. ஒரு பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் மைக்குகளில், நெருங்க நெருங்கக் கனத்த நாதம் மிகும். கஞ்சிராவின் கும்காரத்துக்கு அது வரப்பிரசாதம், பேச்சுக்கோ தொல்லை. ஒலிபெருக்கியின் முன்னால் கைபேசியை நீட்டுவதை விட்டு, மைக்செட்காரரின் கலவைப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி வாங்கிப் பதிவுக் கருவியில் செருகுவது உத்தமம்.

பழைய மைக்கை எடுத்தவுடன் தலைக்கூட்டைத் திறந்து பாருங்கள். உள்ளிருக்கும் பஞ்சு பொடியாகி உதிர்ந்திருந்தால் அதை மாற்றுங்கள். இரும்புத் தூள் பக்கம் போகவே விடாதீர்கள். காந்தம் அதை விடாது. ஹை இம்பீடன்ஸ் மைக்கானால் 20 அடிக்கு மேல் கம்பி இழுக்க வேண்டாம். ஒலி மங்கி, 'ஹும்' என்ற முனகல் சேரும். எல்லாவற்றுக்கும் முன்னால் வித்வானின் அனுமதியைக் கேட்டுக்கொள்வது நம் கடமை. பதிவின் தலைப்பில் ஊர், தேதி, பக்கவாத்தியக்காரர்களின் பெயர் மூன்றையும் நம் குரலிலேயே சொல்லிவிட வேண்டும். பெயர் தெரியாத பதிவு பாதி மௌனம்.

பட்டணத்துப் பெரிய சபைகளில் பதிவு செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். சிற்றூர்த் திருவிழாவில், பின்னிரவில், நூறு பேருக்கு முன்னால் ஊதும் நாகஸ்வரக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம். குடுமியான்மலை அரசருக்குக் கல்லும் உளியும்தான் கிடைத்தன. அவர் அதற்குமேல் நல்ல கருவி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நமக்கோ பீரோவில் ஒரு மைக் இருக்கிறது. அடுத்த திருவிழாவுக்குள் அதைத் தூசி தட்டி எடுத்துவிடுவோம்.