கணக்கு யார் பெயரில்?



இந்த இதழின் சிறப்புப் பகுதி அலுவலக வைஃபை பற்றியது. சிறுதொழில் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், எங்கள் மேசையில் குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள். திருப்பூரில் பின்னலாடை யூனிட் நடத்துபவர், ஈரோட்டிலும் கரூரிலுமாக மூன்று ஜவுளிக்கடை வைத்திருப்பவர், மதுரையில் மண்டபமும் லாட்ஜும் சேர்த்து நடத்தும் அம்மையார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான்: "கிளவுட் ஆக்சஸ் பாயின்ட் போடச் சொல்கிறார்கள். எந்தக் கம்பெனி வாங்கலாம்?"

அவசரம் புரிகிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். இ-வே பில் போடாமல் சரக்கு லாரி குடோனை விட்டு நகராது. ஆடித் தள்ளுபடி நாளில் பில்லிங் கவுண்டரில் ஐந்து நிமிடம் நெட் போனால், வரிசை வாசல் வரைக்கும் வந்துவிடும். ஆனாலும் கம்பெனி பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய சில கேள்விகளைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை.

முதலில், இது என்ன சமாச்சாரம் என்று பார்ப்போம். வைஃபை சிக்னல் தரும் பெட்டிகளான ஆக்சஸ் பாயின்ட்கள் நாலைந்து மாட்டினால், அவற்றை ஒன்றாக மேய்க்க ஒரு கன்ட்ரோலர் வேண்டும். முன்பெல்லாம் அது சர்வர் அறையில் ஒரு தனிப் பெட்டியாக உட்கார்ந்திருக்கும். அதைத் தொடத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த வேலையைத் தயாரிப்பாளரின் டேட்டா சென்டருக்கு மாற்றியதுதான் கிளவுட் முறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'ரூஃப்நெட்' என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் இருந்தவர்கள் 2006இல் தொடங்கிய மெராக்கி இதில் முன்னோடி. 2012இல் சிஸ்கோ அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் ஜூனிப்பர், மிஸ்ட் என்ற இளம் நிறுவனத்தை 40 கோடி டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்கியது. சிறிய கடைகள், அலுவலகங்களை மனத்தில் வைத்து அரூபா இன்ஸ்டன்ட் ஆன், யூபிக்விட்டியின் யூனிஃபை, டிபி-லிங்கின் ஒமாடா ஆகியவையும் வந்துவிட்டன.

"அப்படியென்றால் என் கணக்குவழக்கெல்லாம் அமெரிக்கா போய்த் திரும்புமா?" என்று ஒரு வாசகர் பதறியிருந்தார். பொதுவாகப் போகாது. நிர்வாகத் தகவல் மட்டுமே கிளவுடுக்குப் போகும்: எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள், எந்த சேனல், எவ்வளவு நெரிசல் என்பது போன்றவை. உங்கள் பில், டிசைன் ஃபைல் எல்லாம் வழக்கமான பாதையிலேயே செல்லும். கிளவுடுடன் தொடர்பு அறுந்தாலும், கவுண்டரிலிருந்து உள்ளே இருக்கும் பிரின்டருக்குப் பில் போய்க்கொண்டுதான் இருக்கும். புதிதாக எதையும் மாற்ற முடியாது, அவ்வளவுதான். விருந்தினருக்கு ஓ.டி.பி. கேட்கும் நுழைவுப் பக்கம் கிளவுடிலிருந்து வருவதாக இருந்தால், அது மட்டும் நின்றுபோகும். லாட்ஜ்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லாபம் என்ன? ஈரோட்டு வாசகர் தன் போனைக் காட்டினார். மூன்று கடைகளும் மூன்று வரியாகத் தெரிந்தன. கரூர்க் கடையின் மேல்மாடியில் ஒரு ஆக்சஸ் பாயின்ட்டுக்குச் சிவப்புப் புள்ளி. தட்டினால், அந்தப் பெட்டி சுவிட்சின் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று வந்தது. அங்கேயே ஒரு பொத்தானை அழுத்தி அந்த போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தி, மறுபடி விட்டார். பெட்டி எழுந்துவிட்டது. ஏணியும் வேண்டியதில்லை, கரூருக்கு பஸ்ஸும் ஏற வேண்டியதில்லை. பல கிளை வைத்திருப்பவருக்கு இந்த வசதி உண்மையிலேயே பெரிது.

இனி கேள்விகளுக்கு வருகிறேன். பெட்டியின் விலைக்குப் பிறகு, ஆண்டுதோறும் என்ன கட்ட வேண்டும்? இதில் இரண்டு வழி உண்டு. மெராக்கி போன்றவற்றில் பெட்டியோடு லைசென்ஸும் வாங்கியாக வேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே தேதியில் முடியும் அதன் பழைய லைசென்ஸ் முறையில், தேதி தாண்டி 30 நாள் அவகாசம் கிடைக்கும். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் டேஷ்போர்டு எனும் நிர்வாகத் திரை மட்டுமல்ல, பெட்டிகளும் வேலையை நிறுத்திவிடும். யூனிஃபையிலும் இன்ஸ்டன்ட் ஆனிலும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அப்படிப்பட்ட சந்தா இல்லை. ஒமாடாவில் கன்ட்ரோலர் மென்பொருளை நம் கணினியிலேயே இலவசமாக ஓட்டலாம். ஒரு சிறு கன்ட்ரோலர் பெட்டியும் வாங்கலாம். கிளவுடிலேயே கூடுதல் வசதிகள் வேண்டுமென்றால் கருவிக்கு இவ்வளவு என்று கட்டணம். சந்தா முறையைத் தப்பென்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பணத்துக்கு ஆதரவும், பழுதானால் மாற்றுப் பெட்டியும், தொடர்ந்து மென்பொருள் புதுப்பிப்பும் வரும். ஆனால் கொட்டேஷன் கேட்கும்போதே ஐந்து ஆண்டுக்கான மொத்தச் செலவை ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். "சந்தா கட்டாவிட்டால் பெட்டி ஓடுமா, நிற்குமா?" என்ற கேள்விக்கான பதிலும் அதே தாளில் இருக்கட்டும்.

அடுத்த கேள்விதான் இந்தப் பக்கத்தின் தலைப்பு. பெட்டியின் பின்புறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் சீரியல் எண்ணும் கியூ.ஆர். கோடும் இருக்கும். பொருத்த வருபவர் கூரையில் மாட்டும் முன் அதைத் தன் போனில் ஸ்கேன் செய்வார். அந்த நொடியிலேயே பெட்டி ஒரு கிளவுட் கணக்கோடு பிணைந்துவிடுகிறது. யாருடைய கணக்கு? திருப்பூர் வாசகருக்கு நேர்ந்தது இதுதான். பொருத்திக் கொடுத்தவர் தன் சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கிவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து வேறு ஊருக்குப் போய்விட்டார்; போன் எடுப்பதில்லை. யூனிட்டில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றக்கூட வழியில்லை. சில கம்பெனிகளின் பெட்டிகளை ரீசெட் செய்தாலும் விடுதலை கிடையாது. பழைய கணக்கிலிருந்து நீக்கினால்தான் புதிய கணக்கு ஏற்கும். காசு கொடுத்து நிலத்தை வாங்கிவிட்டு, பட்டாவைப் புரோக்கர் பெயரிலேயே விட்டுவைத்த கதைதான்.

ஆகவே, கம்பெனிப் பெயரில் ஒரு பொது மின்னஞ்சல் தொடங்குங்கள். முதலாளியோ பங்குதாரரோ கணக்கின் உரிமையாளராக இருக்கட்டும். பொருத்துபவரை உள்ளே சேர்த்து, அவர் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒப்பந்தம் முடிந்த அன்றே அதை எடுத்துவிடுங்கள். இரண்டடுக்கு உறுதிப்பாட்டைப் போடாமல் விடாதீர்கள். அதன் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு, பத்திரங்களோடு வையுங்கள். சீரியல் எண் பட்டியலும் அங்கேயே இருக்கட்டும்.

கிளவுட் என்றால் பிழையே வராது என்றும் நினைக்க வேண்டாம். 2017 ஆகஸ்டில் மெராக்கியில் ஒரு தவறான மாற்றத்தால், அதன் வட அமெரிக்கச் சேமிப்பகத்தில் வாடிக்கையாளர்கள் ஏற்றிவைத்திருந்த சில தள வரைபடங்களும் நுழைவுப் பக்க வடிவமைப்புகளும் அழிந்தன. 2023 டிசம்பரில் யூபிக்விட்டியின் கிளவுடில் ஏற்பட்ட குளறுபடியில் 1,216 கணக்குகள் வேறொரு 1,177 கணக்குகளோடு மாறி இணைந்தன. சிலருடைய போனுக்கு அடுத்தவர் வீட்டுக் கேமரா படம் வந்தது. இரண்டையும் அந்தந்த நிறுவனங்களே ஒப்புக்கொண்டன. நமக்கான பாடம் எளிது: அமைப்பு விவரங்களின் பிரதி ஒன்று நம் கையில் இருக்க வேண்டும், விருந்தினர் வைஃபையும் கேமராவும் பில்லிங்கும் தனித்தனி வலையில் இருக்க வேண்டும். இன்னொன்று, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று நம் நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. டேஷ்போர்டு எத்தனை நாள் பதிவை வைத்திருக்கும் என்று கேளுங்கள். குறைவாக இருந்தால் பதிவுகளைத் தனியே சேமிக்க ஏற்பாடு வேண்டும்.

"வைஃபை 7 வாங்கவா?" என்பது மதுரை அம்மையாரின் கேள்வி. அதற்கான சான்றிதழ் 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. அதன் பெரும்பலம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறது. அமெரிக்கா 2020இலேயே 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு வரைவு விதிகள் 2025 மே மாதம்தான் வந்தன. விருந்தினரின் போன்களில் பல இன்னும் பழையவை. மண்டபத்துக்கு நல்ல வைஃபை 6 பெட்டிகளே தாராளம். மிச்சமாகும் பணத்தில் கேபிளைச் சரியாக இழுங்கள். சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை வாங்கிவரும் பெட்டி மலிவாக இருக்கலாம். ஆனால் அலைவரிசை அமைப்பு நாட்டுக்கு நாடு மாறும், உத்தரவாதமும் இங்கே செல்லாமல் போகலாம். இந்திய மாடலையே வாங்குங்கள்.

பெட்டியைவிட அதற்கு மின்சாரம் தரும் சுவிட்சில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நெட் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் பழைய பி.ஓ.இ. சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும். புதிய பெட்டிகளில் பல 30 வாட் கேட்கும். கிடைக்கும் மின்சாரம் போதாவிட்டால் சில பெட்டிகள் ரேடியோவைக் குறைத்துக்கொண்டு ஓடும். டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும், வாடிக்கையாளர் "ஸ்லோ" என்பார். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான் என்பதால், பெட்டிகளை நெருக்கி மாட்டினால் சிக்னல் கூடாது, சண்டைதான் கூடும். மாட்டுவதற்கு முன் ஒரு நாள் இடத்தைச் சுற்றி அளந்து பார்க்கும் ஆளிடம் வேலையைக் கொடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு கம்பெனி பெயர் தானாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். பக்கத்து ஊரில் யார் சர்வீஸ் தருகிறார்களோ, அவர்களுடையதை வாங்குங்கள்.

உள்ளே, கடை, தறிக்கூடம், லாட்ஜ் மூன்றுக்கும் தனித்தனி மாதிரித் திட்டங்களும், கொட்டேஷனை வரிவரியாகப் படிக்கும் முறையும் தந்திருக்கிறோம். உங்களுக்கு வந்த கொட்டேஷனின் நகலை, பெயர்களை அடித்துவிட்டு, எங்களுக்கு அனுப்புங்கள். சில நகல்களை அடுத்த இதழில் அலசுகிறோம். கூடவே, இன்று ஐந்து நிமிடம் ஒதுக்கி உங்கள் வைஃபை கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையதாக இல்லாவிட்டால், பொருத்தியவர் போன் எடுக்கும் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்