டோபமைனும் ஒரு சீசா பலகையும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இதைச் சொல்ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வர வேண்டுமா என்ன? மனநல மருத்துவர் அன்னா லெம்ப்கி எழுதிய 'டோபமைன் நேஷன்' (2021) புத்தகத்தை இந்த நக்கலோடுதான் எடுத்தேன். முடிக்கும்போது நக்கல் பாதியாகக் குறைந்திருந்தது.

அவர் சொல்வது இதுதான். மூளைக்குள் இன்பமும் வலியும் ஒரே சீசா பலகையின் இரண்டு முனைகள் மாதிரி. இன்பப் பக்கம் சாய்ந்தால், சமன் செய்வதற்காக மூளை வலிப் பக்கத்தை அழுத்தும். கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும். நாம்தான் பொறுப்பதில்லையே! அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தால் பலகை வலிப் பக்கமே நின்றுவிடுகிறது. அப்புறம் சும்மா இயல்பாக இருப்பதற்கே அந்தப் பொருள் தேவைப்படும்.

எனக்குப் பிடித்தது அவருடைய வாக்குமூலம். போதை நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கும் இவரே காதல் நாவல்களுக்கு அடிமையாகியிருக்கிறார்! 'ட்விலைட்' கதையில் ஆரம்பித்தது, கையில் கிண்டில் வந்ததும் எல்லை மீறிப் போய்விட்டது. கவனியுங்கள், நாவல்கள் எப்போதும் இருந்தவைதான். மாறியது, அவை கிடைக்கும் சுலபம்.

சரி, தீர்வு? சுமார் நான்கு வாரம் அந்தப் பொருளை விட்டு விலகியிரு, உனக்கும் அதற்கும் நடுவே தடை வை என்கிறார். (குடிக்கும் சில வகை மாத்திரைகளுக்கும் உடல் பழகிப்போனவர்கள் டாக்டர் துணையில்லாமல் திடீரென்று நிறுத்தக்கூடாது, உயிருக்கே ஆபத்து.) நல்ல யோசனைதான். ஆனால் இங்கேதான் அவரோடு எனக்குச் சண்டை.

2016ல் 'டிரக் டீலர், எம்.டி.' என்ற புத்தகத்தில், அமெரிக்காவின் வலி மாத்திரைப் பிரச்சினைக்கு மருந்துக் கம்பெனிகளும் மருத்துவ அமைப்பும் எப்படிக் காரணம் என்று எழுதியவர் இதே லெம்ப்கிதான். மாத்திரை என்றால் அமைப்பின் குற்றம், கைப்பேசி என்றால் என் மன உறுதியின் குற்றமா?

இன்னொன்று. வியட்நாமிலிருந்து 1971ல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊர் திரும்பியபின் மறுபடி அடிமையாகவில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் மன உறுதி வந்துவிட்டதா? அவர்கள் இருந்த இடமும் சூழலும் மாறியதைச் சேர்க்காமல் இதற்குக் காரணம் சொல்ல முடியாது.

நமக்கு அந்த வசதி இல்லை. நம்முடைய வியட்நாம் நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதே கருவியில்தான் பாடமும், வங்கியும், அம்மாவின் அழைப்பும்!

அதனால் இரவு கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள், நானும் வைக்கிறேன். கூடவே, அடுத்த வீடியோ தானாக ஓடக்கூடாது, நாம் கேட்டால் மட்டுமே ஓட வேண்டும் என்று சட்டம் கேட்போம். பலகையின் ஒரு முனையில் நாம் தனியாக உட்கார்ந்திருக்க, மறுமுனையில் ஆயிரம் பொறியாளர்கள் உட்கார்ந்தால் அது எப்படிச் சமமாகும்?