கோப்பு ஏன் போய்ச் சேரவில்லை?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் மலைக்கு அப்பாலிருந்தும் மக்கள் வந்து குவிவார்கள். செங்கோட்டை–புனலூர் மலை ரயில்பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அது 1000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதை. பிற்காலத்தில் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை வடக்கேயிருந்து செங்கோட்டை வரை வந்து நின்றபோது, பயணிகள் அங்கே இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. 2018-இல்தான் மலைப்பாதையும் அகலப்பாதையாகி வண்டிகள் ஓடின.

கணிப்பொறிகளுக்கும் இத்தொல்லை உண்டு. கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் வழங்குகிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு அளித்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரு பள்ளியில் ஓர் அறை முழுதும் விண்டோஸ், அடுத்த அறையில் லினக்ஸ், இரண்டும் தனித்தனி வலைகள், நடுவே ஒரு ரூட்டர் என்று வைத்துக்கொள்வோம். மழையளவுக் குறிப்புக் கோப்பு இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போக மறுக்கிறது. உடனே, "ஃபயர்வாலை அணைத்துவிடு" என்பார் ஒருவர். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்று" என்பார் இன்னொருவர். நோய் தெரியாமல் மருந்து கொடுக்கும் இந்த இரண்டு வைத்தியமும் எனக்கு உடன்பாடில்லை.

1991-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவருக்கும் இதே சிக்கல். டாஸ் கணிப்பொறியும் யூனிக்ஸ் கணிப்பொறியும் கோப்பு பகிரவில்லை. அவர் எதையும் அழிக்கவில்லை. கம்பியில் போகும் செய்திகளை ஒட்டுக்கேட்டு, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று குறித்துக்கொண்டார். அந்த உழைப்பில் பிறந்ததே 'சாம்பா'. இன்றும் லினக்ஸ், விண்டோஸுடன் எஸ்.எம்.பி. என்னும் பொதுமொழியில் பேசுவது பெரும்பாலும் அதனால்தான்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். அடுத்த அறைக் கணிப்பொறி பட்டியலில் தெரியவில்லையா? அது இல்லை என்று பொருளல்ல. 'யார் இருக்கிறீர்கள்?' என்று வலையில் போடும் கூவல், ரூட்டரைத் தாண்டாது. ஐ.பி. முகவரியைத் தட்டி நேரே அழையுங்கள். பிங்கிற்குப் பதில் வராவிட்டாலும் சோர வேண்டாம். விண்டோஸ் பல வேளை பதில் சொல்லாது. 445 என்ற வாயில் திறந்திருக்கிறதா என்பதே முக்கியம். கோப்புப் பகிர்வை விண்டோஸ் காவல் வழக்கமாகத் தன் வலையில் உள்ளவர்களுக்கே அனுமதிக்கும். அந்த விதியில் அடுத்த அறையின் முகவரிகளைச் சேர்த்தால் போதும், காவலையே கலைக்க வேண்டாம். கடவுச்சொல் கேட்டால் மகிழுங்கள்! பாதை சரி என்று தெரிந்துவிட்டது. இனிப் பயனர் பெயரையும் உரிமையையும் பார்த்தால் போதும்.

பழைய எஸ்.எம்.பி. முதல் பதிப்பை மறுபடி இயக்கச் சொல்பவர்களும் உண்டு. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற கெடுநிரல் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகப் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அரைமணி நேரம் மிச்சமாகும் என்பதற்காக அந்த வாயிலைத் திறப்பதா?

கோப்பு போன பிறகும் ஒரு வேடிக்கை காத்திருக்கும். 'கொல்லம்' என்று பெயரிட்டுப் பாருங்கள். 'கொ'வின் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். ஆப்பிளின் பழைய கோப்பு முறை இரண்டாகவே பிரித்து வைக்கும். லினக்ஸ் கொடுத்தபடியே வைக்கும். ஆகவே ஒரே அடைவில் இரண்டு 'கொல்லம்' பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது.