தாழிடலாம், கரிச்சட்டி வேண்டாம்

ஆசிரியருக்கு,

இரவில் படுக்கையறைக் கதவைத் தாழிடச் சொன்ன உங்கள் கட்டுரை சரியே. எங்கள் மலையில் அதற்குக் காரணம் திருடனைவிடக் கரடிதான். பக்கத்து வீட்டுச் சமையலறைக் கதவை உடைத்து அது எண்ணெய் குடித்த இரவில், உள்ளறையில் தாழிட்டுப் படுத்திருந்த பாட்டி தப்பினார். 2023 தீபாவளியன்று குன்னூர் புரூக்லேண்ட்ஸில் வீட்டுக்குள் புகுந்த சிறுத்தையோ தீயணைப்பு வீரர்களையே காயப்படுத்தியது.

ஆனால் பனிக்காலத்தில் கரிச்சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு கதவு, சன்னல் எல்லாம் அடைத்துத் தூங்குகிறார்களே, அது கரடியைவிட மோசம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். டிசம்பருக்கு முன்பே ஜெகதளா பேரூராட்சி இதை ஒலிபெருக்கியில் ஊர் ஊராக அறிவிக்கலாம். சுற்றுலா விடுதிகளிலும் எழுதி ஒட்டலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஜெகதளா