குறி தவறலாம், முறை தவறலாகாது

துப்பாக்கி சுடுதல் ஒரு விளையாட்டு. ஆனால் மற்ற விளையாட்டுகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பந்தாட்டத்தில் விதியை மீறினால் எதிர்க்கட்சிக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும்; அவ்வளவே. சுடுதளத்தில் விதியை மீறினால் ஓர் உயிர் போகலாம். தேசிய மாணவர் படையில் பயிற்சிக்குத் தரப்படும் பாயிண்ட் 22 துப்பாக்கி பார்வைக்குச் சிறியது. அதன் ரவையோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லக்கூடியது. தடுப்புச் சுவர் இல்லையேல், பாலிகஞ்ச் ரயில் நிலையத்தில் புறப்பட்ட ரவை கரியாஹாட் நாற்சந்தியைத் தாண்டிவிடும். ஆகவே அங்கே விதி மீறியவரை என்ன செய்வது என்னும் கேள்வி விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று. நீதியைப் பற்றியதும் ஆகும்.

இக்கேள்வி நமக்குத் தொலைவானதும் அன்று. நம்முள் மாணவர் படையினர் உண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் களத்தில் நின்றதைக் கண்டு துப்பாக்கி ஏந்த விழைவோரும் உண்டு. நாம் வாழும் இவ்வங்கத்திலேயே, ஹூக்ளி மாவட்டத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் சிந்தனைக்கு உரியது.

மெஹுலி கோஷ் என்னும் பள்ளி மாணவி அங்கே பயிற்சி பெற்று வந்தார். 2014இல் அவர் துப்பாக்கியிலிருந்து தவறிப் பாய்ந்த ரவை பட்டு ஒருவர் காயமுற்றார். மெஹுலி பயிற்சியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். மனம் உடைந்த மகளைப் பெற்றோர் ஜெய்தீப் கர்மாகரிடம் அழைத்துச் சென்றனர். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற வங்க வீரர் அவர். அவரிடம் பயின்ற அதே பெண், 2018இல் காமன்வெல்த் விளையாட்டுகளில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதே ஆண்டில் இளையோர் ஒலிம்பிக்கிலும் வெள்ளி வென்றார்.

இதைக் கூறி, தண்டித்ததே தவறு என்று முடிப்பது எளிது. அது என் கருத்தன்று. ஒருவர் காயமுற்ற பின் சுட்டவரை விலக்கி நிறுத்துவது முறையே. ஆனால் விலக்கிய பின் என்ன? திரும்பி வர வழி எது? வேறோர் ஆசிரியரைத் தேடிச் செல்ல இயலாத வீட்டுப் பிள்ளையாயின் அதன் கதி என்ன?

இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சுடுகோட்டில் நிற்கும் ஒருவர் பேச்சுவாக்கில் குழலைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் திருப்புகிறார். உள்ளே ரவை இல்லை. “பார்த்துச் செய்யப்பா” என்று சிரித்துவிட்டுப் போகிறோம். மறுநாள் இன்னொருவர் அதையே செய்கிறார். உள்ளே ரவை இருக்கிறது. உடனே கூட்டம் கூடுகிறது, தீர்மானம் நிறைவேறுகிறது, அவர் வெளியேற்றப்படுகிறார். இருவர் செய்த குற்றமும் ஒன்றே. வேறுபட்டது தற்செயல் மட்டுமே. காயத்தைப் பார்த்துத் தண்டிக்கும் தளம் தற்செயலைத் தண்டிக்கிறது, கவனக்குறைவை வளர்க்கிறது.

செயலைப் பார்த்தே தீர்ப்பளிக்க வேண்டும். உலகத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் போட்டிகளில் மஞ்சள் அட்டை எச்சரிக்கை. பச்சை அட்டை புள்ளிக் குறைப்பு. சிவப்பு அட்டை வெளியேற்றம். ‘ஸ்டாப்’ என்னும் கட்டளைக்குப் பின் அனுமதியின்றித் துப்பாக்கியைத் தொட்டாலே ஒருவரை வெளியேற்ற இடமுண்டு. எவருக்கேனும் அடிபட்டதா என்று அந்த விதி கேட்பதில்லை. நம் வள்ளுவரும் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தில், குற்றத்தை ஆராய்ந்து, அது மீண்டும் நேராதபடி தண்டிப்பதே ஆட்சி என்கிறார். பழிவாங்குவது அங்கே நோக்கமன்று.

நம் நாட்டுச் சுடுதளங்கள் செய்ய வேண்டுவன நான்கு.

முதலாவது, ஆபத்தைக் கண்டால் ‘ஸ்டாப்’ என்று கூவும் உரிமை எல்லோருக்கும் வேண்டும். நேற்றுச் சேர்ந்த சிறுவன் கூவினாலும் சாம்பியன் துப்பாக்கியைக் கீழே வைத்தாக வேண்டும். பொய்யான அபாயக்குரல் என்றாலும் அவனைக் கடியலாகாது.

இரண்டாவது, காயம் நேராத பிழைகளையும் ஏட்டில் பதிய வேண்டும். அமெரிக்காவில் 1976 முதல், விமானிகள் தம் பிழைகளைத் தாமே எழுதி அனுப்பும் ஏற்பாடு ஒன்றை நாசா நிறுவனம் நடத்துகிறது. எழுதியவர் பெயர் வெளிவராது. அதனால் உண்மை வெளிவருகிறது. தானே முன்வந்து சொன்னவனுக்கும் மறைத்துப் பிடிபட்டவனுக்கும் ஒரே தண்டனை என்றால், நாளை எவன் சொல்வான்?

மூன்றாவது, அறியாமை, கவனக்குறைவு, ஆணவம் என மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அறியாதவனுக்குப் பாடம்; கவனக்குறைவுக்கு விலக்கும் மறுபயிற்சியும், திரும்பி வரும் நாளை எழுத்தில் குறித்து; அறிந்தும் மீண்டும் மீண்டும் மீறுபவனுக்குக் கதவடைப்பு. பதக்கமோ நன்கொடையோ அந்தக் கதவைத் திறக்கலாகாது.

நான்காவது, பொறுப்பாளரும் விசாரணைக்கு உட்பட வேண்டும். சுடும் நேரத்தில் கோட்டுக்கு முன்னால் ஆள் செல்ல விட்டது யார்? துப்பாக்கி காலி என்பதைக் காட்டும் பாதுகாப்புக் கொடி குழலில் இருந்ததா? ஒரு தளத்தில் பல பெரியவர்கள் நிற்கையில், பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் பழியைச் சுமத்துவது எந்த நியாயம்?

“இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? கண்டிப்பாக இருந்தால் போதாதா?” என்று சிலர் கேட்கக்கூடும். கண்டிப்பு வேண்டாம் என்பார் யார்? நான் கோரும் கண்டிப்பு அவர்கள் கோருவதினும் மிகுதி. அவர்கள் விபத்து நடந்த அன்று ஒருநாள் கண்டிப்பாக இருக்கிறார்கள். விபத்து நடவாத முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களிலும் கண்டிப்பு வேண்டும் என்கிறேன் நான். அச்சம் ஒருவனை அதிகாரி பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக வைக்கும். பழக்கமோ எவரும் பார்க்காதபோதும் குழலைத் தரை நோக்கித் தாழ்த்தும்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை பயிற்சிக்குச் செல்லும்போது, உங்கள் தளத்தில் அத்தகைய ஏடு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒன்று தொடங்கச் சொல்லுங்கள். அருகில் நிற்பவன் குழலைத் திருப்பினால், அவன் உங்கள் உயிர்த் தோழனாயினும், சிரித்துவிட்டுப் போகாதீர்கள். உரக்கச் சொல்லுங்கள் ‘ஸ்டாப்’ என்று.