மணல் வீச்சுக்கு மணல் வேண்டாம்

கடந்த மாதம் ஓய்வு நேரத்தில் படிவம் நான்கு மாணவன் ஒருவன் கைப்பேசியோடு என் மேசை முன் வந்து நின்றான். அதில் இருந்தது அவன் தாத்தா ஓட்டிய ஹோண்டா சி70 மோட்டாரின் படம். பல ஆண்டுகளாக வீட்டுக்குப் பின்னால் மழையில் நனைந்து துருவேறிக் கிடந்த அந்தக் கப்சாயை, பேரன் பழைய நிலைக்குக் கொண்டுவரப் போகிறானாம். மாமாவிடம் இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரஸர் இருக்கிறது. இயங்கலையில் மலிவாக ஒரு மணல் வீச்சுத் துப்பாக்கியும் வாங்கியாகிவிட்டது. அவனுக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம்தான்.

"டீச்சர், சமையலறையைப் பெரிதாக்கியபோது மிஞ்சிய மணல் இரண்டு மூட்டை இருக்கிறது. சலித்துக் காயவைத்தால் போதுமா?"

அந்த மணலைத் தொடவே வேண்டாம் என்றேன். "பெயரே மணல் வீச்சுதானே, டீச்சர்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. மணி அடித்துவிட்டதால் அன்று முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. பழைய மோட்டாரையும் பழைய காரையும் சீர்செய்யும் ஆசை நம் மாணவர்களிடம் பெருகி வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்பவர்களில் பலர், அதிலிருந்து கிளம்பும் தூசி எங்கே போகும் என்று கேட்பதில்லை. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

மணல் வீச்சின் அடிப்படை மிக எளியது. அமெரிக்கரான பெஞ்சமின் சியூ டில்க்மன் 1870இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தப்பட்ட காற்று சிறு துகள்களை வேகமாகத் தள்ளுகிறது. அவை உலோகத்தில் மோதித் துருவையும் பழைய சாயத்தையும் பெயர்க்கின்றன. இயக்க ஆற்றலின் சூத்திரத்தை நினைத்துப் பாருங்கள். பொருண்மை இரட்டிப்பானால் ஆற்றலும் இரட்டிப்பாகும். வேகம் இரட்டிப்பானாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு துகள் இரும்பைச் சுரண்டுவதற்குக் காரணம் அதன் வேகமே.

ஆனால் மோதலில் அடி வாங்குவது இரும்பு மட்டுமல்ல. மணல்துகளும் உடைகிறது. ஆற்று மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிக வடிவிலான சிலிக்கா. அது உடையும்போது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துணுக்குகள் கிளம்புகின்றன. தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் அவை பல மடங்கு சிறியவை. மூக்கிலுள்ள முடியும் தொண்டையிலுள்ள சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். இந்த நுண்தூசியோ அவற்றைத் தாண்டி, நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்று நுண்ணறைகள் வரை சென்றுவிடும்.

அங்கே நடப்பதை உயிரியல் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். அந்நியப் பொருளை விழுங்கும் வெள்ளணுக்கள் சிலிக்காவையும் விழுங்குகின்றன. ஆனால் அதைச் செரிக்க முடியாமல் அவையே இறந்துவிடுகின்றன. உள்ளே இருந்த துகள் மீண்டும் வெளியே வருகிறது. அடுத்த வெள்ளணு அதை விழுங்குகிறது. இந்தச் சுழற்சியால் அழற்சி ஏற்பட்டு, மென்மையான நுரையீரல் திசு தழும்பாக இறுகுகிறது. இதன் பெயர் சிலிக்கோசிஸ். தழும்பான திசுவை மீண்டும் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. காசநோய் தாக்கும் வாய்ப்பும் கூடுகிறது. படிக சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் அல்ல. பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிமுறைகளின் வழி, வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் வீச்சுப் பணியில் மணலுக்குத் தடை விதித்தது. நீங்கள் அணியும் ஜீன்ஸ் துணியிலும் இதே கதை உண்டு. புது ஜீன்ஸைப் பழசுபோல் வெளுக்கச் செய்ய, துருக்கியின் சிறு பட்டறைகளில் இளைஞர்கள் துணிமேல் மணலை வீசினார்கள். அவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே சிலிக்கோசிஸால் பாதிக்கப்பட்டார்கள், உயிரிழந்தவர்களும் உண்டு. துருக்கி 2009இல் அந்த முறையைத் தடை செய்தது. இருபது வயதில் அவர்கள் சுவாசித்தது, நம் மாணவன் வீட்டில் மூட்டையில் இருக்கும் அதே வகைப் பொருள்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "என் மாமா பல வருடமாக மணல் அடிக்கிறார், நன்றாகத்தானே இருக்கிறார்? நான் ஒரே ஒரு வார இறுதியில் செய்து முடித்துவிடுவேன்." நேர்மையாகச் சொல்கிறேன்: ஒரு நாள் தூசியால் சிலிக்கோசிஸ் வந்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். நோய் வருவது எவ்வளவு தூசி, எத்தனை காலம் என்பதைப் பொறுத்தது. ஆனால் மோட்டார் சீர்செய்யும் எவரும் ஒரு வார இறுதியோடு நிறுத்துவதில்லை. முதல் மோட்டார் பளபளத்ததும் நண்பனின் மோட்டார் வரும். அடுத்து சித்தப்பாவின் பழைய புரோட்டோன் சாகா வரும். அதோடு, தொடரில்லங்களில் நம் கார் நிறுத்துமிடத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே இருப்பது ஒரு சுவர்தான். முகக்கவரி அணிந்திருப்பது நீங்கள். துணி காயப்போடும் அண்டை வீட்டு அம்மாவும், வாசலில் சைக்கிள் ஓட்டும் தம்பியும் எதையும் அணியவில்லை. மலிவான மாற்றுப்பொருள் கடையில் கிடைக்கும்போது இந்த ஆபத்தை ஏற்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எதைப் பயன்படுத்துவது? மோவின் கடினத்தன்மை அளவுகோல் இங்கே உதவும். அதில் குவார்ட்ஸ் 7. அலுமினியம் ஆக்சைடு 9. தடித்த இரும்பில் ஏறிய துருவுக்கு ஏற்றது, உடையாமல் பலமுறை பயன்படும். கார்னெட் ஏறக்குறைய 7. துருவை நன்றாக எடுக்கும், அதில் தனிப் படிக சிலிக்கா மிகக் குறைவு. கண்ணாடி மணிகள் சுமார் 6. இயந்திர உறை போன்ற அலுமினியப் பாகங்களைப் பளிச்சென்று ஆக்கும். சமையல் சோடா 2.5 அளவே, மெல்லிய பரப்பிலிருந்து சாயத்தை நீக்கும், ஆனால் ஆழமான துருவிடம் தோற்றுப்போகும். கண்ணாடியும் சிலிக்காவால் ஆனதுதானே என்று வேதியியல் மாணவர் கேட்கலாம். ஆம். ஆனால் அதில் அணுக்கள் படிக ஒழுங்கில் அடுக்கப்படவில்லை. நுரையீரலுக்கு அந்த வேறுபாடு பெரியது.

இவற்றால் தூசியே வராது என்று நினைத்துவிட வேண்டாம். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். பழைய பிரேக் பாகங்களில் கல்நார் இருக்கலாம். அவற்றின்மேல் எதையும் வீசவே கூடாது. ஆகவே எந்தத் துகளைத் தேர்ந்தெடுத்தாலும் தூசியை அடைத்துவைக்கும் வழி வேண்டும்.

அதனால்தான் வீட்டுக்குத் திறந்தவெளித் துப்பாக்கியைவிடப் பெட்டி வகைக் கருவியையே நான் பரிந்துரைக்கிறேன். மேலே பார்ப்பதற்குக் கண்ணாடி, முன்பக்கம் கைவிட இரண்டு நீண்ட கையுறைகள், பின்னால் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் என்று மூடிய பெட்டி அது. வாங்கும் முன் கதவின் ரப்பர் விளிம்பு இறுக மூடுகிறதா என்று பாருங்கள். வீட்டில் தரை சுத்தம் செய்யும் சாதாரண தூசி உறிஞ்சியை அதில் பொருத்த வேண்டாம். நுண்தூசி அதன் வடிகட்டியைக் கடந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ளதே வேண்டும்.

அடுத்தது கம்ப்ரஸர். பலர் பணத்தை வீணாக்குவது இங்கேதான். அழுத்தத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்பதையும்தான். 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 3.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனைக்கு நிமிடத்துக்குச் சுமார் 480 லிட்டர் காற்று தேவை. முனையின் விட்டத்தை இரட்டிப்பாக்கி 6.4 மில்லிமீட்டர் ஆக்கினால் தேவை ஏறக்குறைய 1,900 லிட்டர். விட்டம் இரட்டிப்பானால் பரப்பளவு நான்கு மடங்கு என்ற கணிதம்தான் இது. மாமாவின் இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 200 லிட்டர் தந்தாலே அதிகம். அதை வைத்து ஒரு மோட்டாரின் முழுச் சட்டகத்தையும் சுத்தம் செய்ய முயன்றால் சில வினாடி வீச்சு, பல நிமிடக் காத்திருப்பு என்றே நாள் போகும். கம்ப்ரஸரும் சூடேறிக் கெடும். ஆகவே சிறிய கம்ப்ரஸர் வைத்திருப்பவர் சிறிய முனை, சிறிய பாகம் என்று வரம்பு வைத்துக்கொள்வதே அறிவு.

நம் நாட்டின் ஈரக்காற்று இன்னொரு தொல்லை. கம்ப்ரஸர் காற்றை ஆறு மடங்குக்கு மேல் நெருக்குகிறது. அதிலுள்ள நீராவியும் சேர்ந்து நெருங்குகிறது. காற்று ஆறியதும் அது தண்ணீராகி, குழாய்வழி வந்து துகள்களைக் கட்டிபிடிக்க வைக்கும். நீர்ப்பிரிப்பான் பொருத்துங்கள், வேலை முடிந்ததும் கலனிலுள்ள நீரை வடித்துவிடுங்கள். சுத்தம் செய்த இரும்பையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. சாயமற்ற வெறும் இரும்பு நம் ஈரப்பதத்தில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துருப்பிடிக்கும். கையுறையோடு எடுத்து, அன்றே அடிப்பூச்சு பூச வேண்டும்.

கார் கதவு, முன்மூடி போன்றவற்றின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் ஒரு பக்கத்தில் கடினமான துகள்கள் ஆயிரக்கணக்கில் மோதும்போது, சிறு சுத்தியலால் தட்டியதுபோல் அந்தப் பக்கம் மட்டும் விரிய முயலும், தகடு வளைந்துவிடும். வளைந்ததை நேராக்குவது எளிதல்ல. அத்தகைய தகடுகளை அனுபவமுள்ள பட்டறையிடம் விடுங்கள்.

பாதுகாப்பில் சிலவற்றைப் பற்றி நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். பெட்டிக்குள் வேலை செய்தாலும் முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 அல்லது அதைவிடச் சிறந்த முகக்கவரி வேண்டும். நீலநிற அறுவைச் சிகிச்சை முகக்கவரியின் ஓரங்களில் தூசி புகுந்துவிடும். பெட்டியைத் திறந்து துகள்களை மாற்றும்போதும் அதைக் கழற்றாதீர்கள். அப்போதுதான் தூசி அதிகம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் தேவை. துப்பாக்கி முனையை எவர் உடம்பை நோக்கியும் திருப்பாதீர்கள். கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டரை மடங்கு அழுத்தம் அது. உடையிலுள்ள தூசியைக் காற்றடித்துத் தட்டாதீர்கள். பெட்ரோல் கலனை வீட்டில் வீச்சுக்கு உட்படுத்தவே கூடாது. காலியாகத் தெரியும் கலனிலும் ஆவி தங்கியிருக்கும். துகள்களின் உராய்வில் நிலைமின்சாரம் உண்டாகும். ஒரு தீப்பொறி போதும். கடைசியாக, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பதினாறு வயதுப் பிள்ளை இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இவ்வளவும் படித்த பிறகு, நமக்கு மணல் வீச்சு உண்மையிலேயே தேவையா என்று கேட்டுப் பாருங்கள். திருகாணி, பிடிப்பான் போன்ற சிறு இரும்புப் பாகங்களை வினிகரில் ஓரிரவு ஊறவைத்தால் அமிலம் துருவைக் கரைத்துவிடும். பிறகு சோடாமாவு கலந்த நீரில் அலசி, துடைத்து, எண்ணெய் பூசினால் போதும். படிவம் இரண்டில் படித்த நடுநிலையாக்கல்தான். சாயத்துக்குக் கம்பித் தூரிகை இருக்கிறது. நேரம் அதிகம் பிடிக்கும், கை வலிக்கும். ஆனால் பாகத்தைக் கையால் தேய்ப்பவருக்குத்தான் அதன் ஒவ்வொரு விரிசலும் கண்ணில் படும்.

சென்ற வாரம் அந்த மாணவன் மீண்டும் வந்தான். சட்டகத்தை மாமாவோடு போய் ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டானாம். கொடுக்கும் முன், "என்ன துகள் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறான். கார்னெட் என்று பதில் வந்ததாம். சிறு பாகங்கள் பின்கட்டில் வினிகர் வாளியில் ஊறிக்கொண்டிருக்கின்றன. துப்பாக்கி இன்னும் உறை பிரிக்கப்படாமல் இருக்கிறது. பணம் சேர்த்துப் பெட்டி வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

அந்த இரண்டு மூட்டை மணல் என்னவாயிற்று என்று கேட்டேன். அம்மா கறிவேப்பிலைச் செடிக்கு மண்கலவை போட எடுத்துக்கொண்டாராம்.