உருகும் உலோகமும் உயர்கணிதமும்

தமிழக அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் அளித்த விண்வெளித் தொழில் கொள்கை, ஐந்தாண்டுகளில் ரூ.10,000 கோடி முதலீட்டையும் 10,000 பேருக்கு வேலைவாய்ப்பையும் இலக்காகக் கொண்டிருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் அமையும் ஏவுதளத்தை ஒட்டித் தென்மாவட்டங்களில் எதிர்பார்ப்பு உயர்ந்துள்ளது. ஏவுதளம் வந்துவிட்டால் தொழில் தானாக வளரும் என்பது அந்த எதிர்பார்ப்பின் அடிப்படை. அது சரிதானா என்பதை அறியத் தெற்கே போக வேண்டியதில்லை. வடக்கே கும்மிடிப்பூண்டியைப் பார்த்தால் போதும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ஏவூர்தி 1971 அக்டோபரில் பறந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டியதும் வருவது அந்தத் தீவு. சென்னையின் புறநகர் மின்சார ரயிலே ஆரம்பாக்கம், தடா வழியாகச் சூலூர்பேட்டை வரை செல்கிறது. ஆனால், ஏவூர்தியின் திட எரிபொருள் மோட்டார் உறைகளுக்கான மாரேஜிங் எஃகு என்றால் ஹைதராபாதின் மிதானி நிறுவனம் நினைவுக்கு வருகிறது. டைட்டானியம் என்றால் கேரளத்தின் சவரா. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியின் உருக்காலைகளில் பெரும்பாலும் உருகுவது பழைய இரும்பு. வெளிவருவது வீடு கட்டும் கம்பி. அரை நூற்றாண்டு அண்டை வீட்டுக்காரராக இருந்தும் உறவு ஏற்படவில்லை.

நிலமோ, மின்சாரமோ, மூலதனமோ இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. குறைவாக இருந்தது அறிவில் செய்யும் முதலீடு.

உருக்காலையில் நடப்பதைக் கவனியுங்கள். உருகிய எஃகு அச்சுக்குள் ஊற்றப்படுகிறது. வெளிப்புறம் முதலில் உறைகிறது; உள்ளே இன்னும் திரவம். திடத்துக்கும் திரவத்துக்கும் இடையிலான எல்லை நொடிக்கு நொடி உள்நோக்கி நகர்கிறது. அது எந்த வேகத்தில், எந்த வடிவில் நகர்கிறது என்பதைப் பொறுத்தே பில்லெட்டில் விரிசல் விழுமா, விழாதா என்பது பெருமளவு அமைகிறது. வெப்பம் பரவும் விதத்தை அறிய எல்லை எங்கே என்று தெரிய வேண்டும். எல்லை எங்கே என்று அறிய வெப்பம் பரவும் விதம் தெரிய வேண்டும். இதுதான் சிக்கல்.

துருவக் கடல்களில் பனிக்கட்டி எப்படித் தடிக்கிறது என்ற கேள்வியை முன்வைத்து 1889-இல் யோசப் ஸ்டெஃபான் இதே கணக்கை ஆராய்ந்தார். இன்று அது 'ஸ்டெஃபான் கணக்கு' என்றே அழைக்கப்படுகிறது. அந்த நகரும் எல்லை எவ்வளவு சீரானது, எங்கே முறிந்து கூர்மையாகிறது என்ற கேள்விக்கு ஆழமான விடைகள் கிடைக்க 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. அர்ஜென்டினாவில் பிறந்த லூயிஸ் கஃபரெல்லி அப்போது செய்த ஆய்வு, அவருக்கு 2023-இல் ஏபெல் பரிசைப் பெற்றுத்தந்த பணிகளுள் முக்கியமானது. இடைவெளி 88 ஆண்டுகள்! பொறியாளர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை என்பது உண்மைதான். தோராய விடைகளோடு வேலையைத் தொடர்ந்தார்கள். ஆனால், தோராய விடையை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று அறிய இத்தகைய கோட்பாடுதான் உதவுகிறது.

இதே கணக்கின் இன்னொரு முகத்தை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் கண்டோம். சென்னை ஐஐடியில் உருவான அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாகச் செய்யப்பட்ட எஞ்சினைக் கொண்டு தன் சோதனை ஏவூர்தியைப் பறக்கவிட்டது. உலோகத் தூளை லேசர் உருக்க, அது மறுகணமே உறைய, அடுக்கடுக்காக எஞ்சின் எழுகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சிறிய ஸ்டெஃபான் கணக்கு. கும்மிடிப்பூண்டியின் பில்லெட்டும் இந்த எஞ்சினும் கணிதத்தில் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒன்றின் மேற்பார்வையாளர் அனுபவத்தால் அறிந்ததை மற்றதன் பொறியாளர் சமன்பாட்டால் அறிகிறார். இருவரும் சந்திக்க ஓர் இடம் இல்லை.

சந்தை அதை உருவாக்காது. அடிப்படை ஆய்வின் பலன் செலவழித்தவரிடமே தங்காமல் எல்லோருக்கும் கசிந்துவிடுவதால், தனியார் அதில் தேவையைவிடக் குறைவாகவே முதலிடுவார்கள் என்று 1962-இல் கென்னத் ஆரோ எழுதினார். அதே ஆண்டில்தான் அல்லாடி ராமகிருஷ்ணனின் முயற்சியால் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. விதிவிலக்கும் நம் ஊரிலேயே உண்டு. 1989-இல் சி.எஸ்.சேஷாத்ரியின் தலைமையில் உருவாகி, இன்று சென்னை கணிதவியல் கழகமாக விளங்கும் நிறுவனத்தைத் தொடங்கிவைத்தது ஸ்பிக் என்ற உர நிறுவனம். யூரியா விற்ற பணம் இயற்கணித வடிவியலுக்குப் போனது. எந்தத் தணிக்கையாளரும் இன்று அதை எளிதில் ஏற்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

இந்தியா ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64% மட்டுமே. 2025 ஜூலையில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த ரூ.1 லட்சம் கோடி ஆய்வு நிதித் திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால், தொழில்நுட்ப ஆயத்தத்தின் ஒன்பது படிகளில் நான்காவதை எட்டிய திட்டங்களுக்கே அது கைகொடுக்கும். முதல் மூன்று படிகளில் நிற்பவர் வேறு கதவைத் தட்ட வேண்டும். கணிதமோ முதல் படிக்கும் கீழே நிற்பது. ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ஐத் தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம். மறுநாள் காலை, அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தப் போகிறார்.

பெரிய தொகை எதுவும் தேவையில்லை. நிகர லாபம் ரூ.5 கோடியை எட்டும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம். அந்தத் தொகையை அரசுப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, தேசிய ஆய்வகங்களின் ஆய்வுக்குத் தரவும் அதன் ஏழாம் அட்டவணை இடமளிக்கிறது. சிப்காட் பகுதியின் ஆலைகள் இதில் ஒரு பங்கைச் சேர்த்தால், கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ பல்கலைக்கழகம் ஒன்றின் கீழ் ஒரு பொது உலோகச் சோதனைக்கூடம் அமைக்கலாம். சிறு ஆலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே வாங்க இயலாத நுண்ணோக்கிகளும் சோர்வுச் சோதனைக் கருவிகளும் அங்கே இருக்கும். விண்வெளித் துறைக்குப் பொருள் தருவதற்கான தரச்சான்று அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

அந்தக் கூடத்தில் உலோகவியலாளரோடு ஒரு கணிதவியலாளருக்கும் நிரந்தரப் பணியிடம் வேண்டும். மாநிலக் கொள்கையைச் செயல்படுத்தும் டிட்கோ இதை முன்னெடுக்கலாம். அவரிடம் ஆண்டுதோறும் உற்பத்திக் கணக்குக் கேட்பதில்லை என்ற உறுதியையும் நியமன ஆணையிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.